சீல் வைத்த பையை யார் நம்புவது?
இணைப்பு விமானங்களில் டியூட்டி ஃப்ரீ பொருட்கள்: ஒரு மதிப்பாய்வு

பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போன பயணி அங்கிருக்கும் கடையில் ஒரு லிட்டர் பாட்டில் வாங்குகிறார். கடைக்காரர் அதை ஒரு கண்ணாடிப் பையில் போட்டு, ரசீதையும் வெளியே தெரியும்படி உள்ளே வைத்து, வாயை ஒட்டித் தருகிறார். வழியில் வேறொரு நாட்டில் விமானம் மாற வேண்டும். அங்கே மறுபடியும் சோதனை. அந்தப் பாட்டிலை விடுவதா, வாங்கிக் குப்பைத்தொட்டியில் போடுவதா? சின்னக் கேள்விதான். ஆனால் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நாடுகள் இதற்கு வெவ்வேறு பதில்களைச் சொல்லிவருகின்றன. எந்தப் பதிலும் முழுதாக நிலைக்கவில்லை.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து பார்த்தால் இது தொலைதூரத்து விவகாரம் அல்ல. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பிழைப்பை வெளியே தேட வேண்டியதாயிற்று. மாரிகுப்பத்தில் புறப்படும் ரயில் சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் நிலையங்களைத் தொட்டு பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குத் தினமும் ஆட்களைக் கொண்டுசெல்கிறது. கடல் கடந்து போகிறவர்களுக்கு 2008 மே மாதம் திறந்த தேவனஹள்ளி விமான நிலையமே வாசல். அங்கிருந்து வளைகுடா நாடுகளின் சிறிய நகரங்களுக்கோ ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ போகிறவர்களில் பலர் துபாயிலோ தோஹாவிலோ பிராங்பர்ட்டிலோ விமானம் மாறித்தான் ஆக வேண்டும். திரும்பி வரும்போதும் அதே வழி. கையில் வீட்டாருக்கு வாங்கிய பொருட்கள் இருக்கும்.

வாயிற்சோதனையும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சுரங்கத்திலிருந்து மேலே வந்த தொழிலாளியைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். சோதனை எதற்கு என்பது ஒரு கேள்வி. அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பது இன்னொரு கேள்வி. டியூட்டி ஃப்ரீ பை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

சந்தேகம் பிறந்த கதை

விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடைக்குத் தொடக்கம் அயர்லாந்தின் ஷானன். அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப நின்ற இடம் அது. காத்திருந்த பயணிகளுக்காக 1947இல் பிரெண்டன் ஓரீகன் அங்கே கடை திறந்தார். ஆக, இந்த வியாபாரம் பிறந்ததே வழியில் இறங்கி ஏறும் பயணியை நம்பித்தான். இன்று அதே பயணிதான் அதிகச் சந்தேகத்துக்கு உள்ளாகிறார்.

அந்தச் சந்தேகம் வெறும் கற்பனையன்று. 1984 ஆகஸ்ட் 2இல் சென்னை மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்துக்கென விட்டுச்செல்லப்பட்ட பெட்டிகள் வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் 23இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து அருகே கடலில் விழுந்து 329 உயிர்கள் போயின. அந்தக் குண்டு வான்கூவரில் ஒப்படைக்கப்பட்ட ஒரு பெட்டியில் இருந்தது. பெட்டி விமானம் மாறியது, பெட்டிக்காரர் ஏறவே இல்லை. முன் நிலையத்தில் ஏற்றியதை அடுத்த நிலையம் நம்பியதன் விலை அது. இந்தியாவில் விமானப் பாதுகாப்புக்கென்று தனித்த அமைப்பாகச் சிவில் விமானப் பாதுகாப்பு அலுவலகம் 1987இல் உருவாவதற்கும் இந்தப் பேரழிவே காரணம்.

திரவம் பற்றிய அச்சம் தொடங்கிய ஆண்டும் 1987தான். அந்த நவம்பர் 29இல் பாக்தாத்திலிருந்து அபுதாபி, பாங்காக் வழியாக சியோலுக்குப் போக வேண்டிய கொரிய விமானம் அந்தமான் கடல்மேல் வெடித்துச் சிதறி 115 பேர் இறந்தார்கள். வட கொரிய உளவாளிகள் இருவர் ஒரு ரேடியோவையும், திரவ வெடிபொருள் நிரப்பிய ஒரு மது பாட்டிலையும் இருக்கைக்கு மேலுள்ள தட்டில் வைத்துவிட்டு அபுதாபியில் இறங்கிப் போயிருந்தார்கள். டியூட்டி ஃப்ரீ பொருளின் உருவத்திலேயே குண்டு வந்தது. 1994 டிசம்பரில் மணிலாவிலிருந்து செபு வழியாக டோக்கியோ சென்ற பிலிப்பைன்ஸ் விமானத்தில் வெடித்தது, கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவத்தின் குப்பியில் மறைத்துக் கொண்டுவந்த வெடிமருந்து. வைத்தவர் செபுவில் இறங்கிவிட்டார். இரண்டு சம்பவங்களிலும் முறை ஒன்றுதான்: நடுவழியில் இறங்கும் பயணி, பின்தங்கும் பாட்டில்.

இவ்வளவு நடந்தும் கைப்பையில் திரவத்துக்குத் தடை வரவில்லை. வந்தது 2006 ஆகஸ்ட் 10இல். குளிர்பான பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையை நிரப்பி, லண்டனிலிருந்து அட்லாண்டிக் கடக்கும் விமானங்களில் வெடிக்கவைக்கும் சதியைப் பிரிட்டன் போலீஸ் அன்று முறியடித்தது. பின்னால் நீதிமன்றத்தில் தெரியவந்த ஒரு விவரம் நம் கேள்விக்கு மையமானது. பாட்டிலின் மூடியை அவர்கள் தொடத் திட்டமிடவில்லை. அடியில் சிறு துளை போட்டு, ஊசிக்குழாயால் உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டுக் கலவையைச் செலுத்தி, பசையால் அடைப்பதே திட்டம். மூடியின் சீல் உடையாமல் அப்படியே இருக்கும். “கடையில் வாங்கினேன், சீல் பிரிக்கவில்லை” என்ற பயணியின் சொல்லுக்குச் சோதனைச் சாவடியில் மதிப்பு போனது அதனால்தான்.

முதல் நிலைப்பாடு: யாரையும் நம்பாதே

அடுத்த சில வாரங்களில், கைப்பையில் கொண்டுபோகும் திரவக் குப்பி 100 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 நவம்பர் 6 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. உலக நாடுகளின் பொது அமைப்பான ஐகாவோவின் பரிந்துரையால் 2007இல் அது மற்ற நாடுகளுக்கும் பரவியது.

தொடக்கத்தில் ஐரோப்பா டியூட்டி ஃப்ரீ பொருளுக்குத் தந்த விலக்கு மிகக் குறுகியது. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலோ, ஒன்றியத்து நிறுவனத்தின் விமானத்திலோ வாங்கியிருந்தால்தான் விலக்கு. சென்னையிலிருந்து பிராங்பர்ட் வழியாக டொரண்டோ போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னைக் கடையில் வாங்கிய பாட்டில் பிராங்பர்ட்டில் போய்விடும். லுஃப்தான்சா விமானத்துக்குள் வாங்கிய அதே பாட்டில் தப்பிக்கும். பாட்டிலுக்குள் இருப்பது ஒன்றே. வேறுபாடு, விற்றவர் எந்த நாட்டுச் சட்டத்தின்கீழ் இருக்கிறார் என்பதில் மட்டும்தான்.

இந்த நிலைப்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. தன் நாட்டுக் கடைக்குச் சரக்கு வரும் வழியை ஓர் அரசு கண்காணிக்க முடியும். பிற நாட்டுக் கடையை முடியாது. குறைகளும் வெளிப்படை. பாதுகாப்புத் துறை எழுத்தாளர் புரூஸ் ஷ்னையர் போன்றவர்கள், இத்தகைய விதிகள் பாதுகாப்பின் தோற்றத்தைத் தருகின்றனவே தவிர அதே அளவு பாதுகாப்பைத் தருவதில்லை என்று தொடர்ந்து எழுதினார்கள். வெடிக்கக்கூடும் என்று அஞ்சிப் பறித்த பாட்டில்களைக் கூட்டத்தின் நடுவே ஒரே தொட்டியில் போட்டுவைப்பதை அந்த அச்சத்தோடு எப்படிப் பொருத்துவது என்ற அவர்களின் கேள்விக்கு நல்ல விடை இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனாலும் விதியைத் தளர்த்திய பிறகு ஒரு விமானம் விழுந்தால் பொறுப்பேற்க வேண்டியவர் விமர்சகர் அல்ல, அதிகாரி. எந்த அரசும் இதில் முதலில் கைவைக்கத் தயங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது நிலைப்பாடு: பையை நம்பு

ஐகாவோ முன்வைத்த சமரசம்தான் சீல் வைத்த பை. சிவப்புக் கோட்டுக் கரை, பிரித்தால் மறுபடி ஒட்ட முடியாத வாய், உள்ளே ரசீது, கடைசி ஊர் போய்ச் சேரும்வரை திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. பலர் கவனிக்காத பகுதி பைக்கு வெளியே இருக்கிறது. வெற்றுப் பைகளே கணக்கில் வைத்துக் காக்கப்பட வேண்டிய பொருள். கிடங்கிலிருந்து கடைவரை சரக்கு வரும் பாதையும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பை வெறும் பிளாஸ்டிக்.

ஐரோப்பா இதை ஏற்றுக்கொண்டது, ஆனால் பட்டியல் போட்டு. முதலில் ஏற்கப்பட்ட நாடுகளில் சிங்கப்பூர் ஒன்று. மலேசியா, கனடா, அமெரிக்கா ஆகியவை பின்னர் சேர்ந்தன. சாங்கியில் வாங்கிய பாட்டில் போகலாம். கொழும்பிலோ பெங்களூரிலோ வாங்கியது கூடாது. பை என்னவோ ஒரே தரத்தது. உண்மையில் நம்பப்பட்டது பை அல்ல, பையை ஒட்டிய நாடு. இந்த அணுகுமுறையின் பெரிய பலவீனம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. பொதுத் தரம் ஒன்றை உருவாக்கிவிட்டு, அதை மதிப்பதை நாட்டுக்கு நாடு மாற்றினால், விதி தெரியாதவர்தான் நட்டப்படுவார்.

அப்படி நட்டப்படுகிறவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்குப் பல முறை பறக்கும் அதிகாரிக்கு எங்கே வாங்க வேண்டும் என்று தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் வெல்டருக்கோ வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கோ தெரியாது. அவர் வாங்கிய வாசனைத் திரவியம் அவருடைய பல நாள் கூலி. பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்திருந்தாலே போதும், சீல் போய்விட்டது. பையில் இருக்கும் எச்சரிக்கை பல சமயம் அவர் படிக்கும் மொழியில் இருப்பதில்லை.

மூன்றாவது நிலைப்பாடு: இயந்திரத்தை நம்பு

ஆளையும் நாட்டையும் நம்ப முடியாவிட்டால் திரவத்தையே பரிசோதித்துவிடலாமே என்பது அடுத்த வாதம். இதற்கான கருவிகளில் ஒருவகை, பாட்டிலைத் திறக்காமலே அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் நிறமாலையைப் படிக்கிறது. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் அதற்கே உரிய நிறமாலை உண்டு. விஸ்கியின் கோடுகளும் பெராக்சைடின் கோடுகளும் வேறு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவே இதன் அடிப்படை.

இந்தக் கருவிகளை நம்பி ஐரோப்பா 2011 ஏப்ரல் இறுதியில் வெளிநாட்டு டியூட்டி ஃப்ரீ பொருளுக்கான தடையை எடுக்கத் திட்டமிட்டது. கடைசி நேரத்தில் பிரிட்டன், பிரான்ஸ் உள்ளிட்ட சில நாடுகள் பின்வாங்க, திட்டம் தள்ளிப்போனது. 2014 ஜனவரி 31 முதல்தான், எந்த நாட்டில் வாங்கியதானாலும் சீல் வைத்த பையில் இருந்தால் கருவியால் சோதித்து அனுமதிக்கலாம் என்ற நிலை வந்தது. அமெரிக்காவும் அதே காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறுவோருக்கு இதே சலுகையைத் தந்தது: ரசீது பைக்குள் இருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும். சலுகைக்கு உள்ளே ஒரு பிடியும் இருக்கிறது. கருவியால் தெளிவாகச் சோதிக்க முடியாத பொருளை விட மாட்டார்கள். உலோகக் குடுவை, பீங்கான் ஜாடி, ஒளி புகாத அலங்கார பாட்டில் ஆகியவை இதில் சிக்கும். பரிசுக்கென்று விலை கூட்டி விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த வகைதான்.

பிறகு மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போல முப்பரிமாணப் படம் எடுக்கும் கருவிகள் வந்தன. 100 மில்லிலிட்டர் விதியே ஒழியப்போகிறது என்று பேச்சு எழுந்தது. 2023இல் பிரிட்டனின் டீஸைடு, லண்டன் சிட்டி நிலையங்கள் அதைக் கைவிட்டன. 2024 ஜூனில் பிரிட்டன் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியமும் இந்த வகைக் கருவிகள் சிலவற்றின் திறனில் ஐயம் எழுந்ததால் அவ்வாறே செய்தது. 2025இல் குறிப்பிட்ட சில மாதிரிகளுக்கு மறுபடி ஒப்புதல் கிடைக்க, எடின்பரோவில் 2 லிட்டர்வரை அனுமதி வந்தது. இந்தியாவில் பெரிய விமான நிலையங்கள் இத்தகைய கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவு உண்டு. ஆனால் கெடு தள்ளிக்கொண்டே போனது.

இயந்திரத்தில் தவறில்லை. ஒரு பயணத்தின் எல்லா நிலையங்களிலும் ஒரே இயந்திரம் இருக்கப்போவதில்லை என்பதுதான் சிக்கல். இணைப்புப் பயணியின் உரிமை அவர் கடக்கும் நிலையங்களிலேயே மிகப் பழைய கருவி உள்ள நிலையத்தைப் பொறுத்தது. புறப்படும் நிலையத்தில் கிடைத்த தாராளம் நடுவழியில் வலையாகவும் மாறலாம். எடின்பரோவில் தடையின்றி எடுத்துப்போன முழு பாட்டில், பழைய விதி நடக்கும் இடத்தில் விமானம் மாறும்போது போய்விடும்.

நான்காவது நிலைப்பாடு: முன் நிலையத்தை நம்பு

ஒருமுறை நன்றாகச் சோதித்தால் போதும், வழியில் மறுபடி வேண்டாம் என்பது இந்தக் கட்சி. ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்குள் இதைப் பின்பற்றுகிறது. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் ஆகியவற்றிலிருந்து வருவோருக்கும் இதை ஏற்கிறது. அமெரிக்கா 2025இல் ஹீத்ரோவிலிருந்து டல்லஸ் செல்லும் பயணிகளுக்கு முன்னோட்டமாகத் தொடங்கியது. மறுசோதனை இல்லையென்றால் பாட்டில் கேள்வியே எழாது.

கோட்பாட்டளவில் இதுதான் சுத்தமான விடை. நடைமுறையில் இது வசதியான நாடுகளின் சங்கமாகச் சுருங்கும் ஆபத்து உண்டு. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வருவோர் வெளியே நிற்பார்கள். கனிஷ்காவை நினைவில் வைத்திருக்கும் எவரும் முன் நிலையத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல முடியாது. சென்னை, பெங்களூர் சோதனைகளை நேரில் வந்து தணிக்கை செய்து, தரம் இருந்தால் ஏற்பது வேறு. நாட்டின் பெயரைப் பார்த்து ஒதுக்குவது வேறு. இந்தியா இத்தகைய ஒப்பந்தங்களை முனைந்து கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

ஐந்தாவது நிலைப்பாடு: தூக்கிக்கொண்டு வராதே

இறங்கிய இடத்திலேயே வாங்கலாம் என்பது ஐந்தாவது வழி. இந்திய விமான நிலையங்களில் வருகைப் பகுதியில், சுங்கச் சோதனைக்கு முன்பே டியூட்டி ஃப்ரீ கடை உண்டு. கொழும்பு கட்டுநாயக்கவில் ஊர் திரும்புவோருக்கு டிவி, ஃபிரிட்ஜ்கூட விற்கும் அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது. பெங்களூரில் இறங்கிக் காரிலோ பஸ்ஸிலோ தங்கவயல் போகிறவருக்கு இது ஏறக்குறைய முழுத் தீர்வு. அந்தப் பாட்டில் இன்னொரு விமானத்தில் ஏறப்போவதில்லை.

இறங்கியபின் உள்நாட்டு விமானத்துக்கு மாறுகிறவருக்கு வேறு வழி இருக்கிறது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் முதலில் இறங்கும் நிலையத்தில் பெட்டிகளைப் பெரும்பாலும் கையில் வாங்கிச் சுங்கம் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அந்த இடைவெளியில் பாட்டிலைப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்துவிடலாம். 24 முதல் 70 சதவீதம்வரை ஆல்கஹால் உள்ள மது, கடைக் கட்டோடு ஆளுக்கு 5 லிட்டர்வரை செக்-இன் பெட்டியில் போகலாம். 70 சதவீதத்துக்கு மேற்பட்டது எதிலும் போகக் கூடாது. துபாய், தோஹா போன்ற இடங்களில் இந்த வழி இல்லை. பெட்டி நேராக அடுத்த விமானத்துக்குப் போய்விடும், பயணி கைப்பையோடு சோதனை வரிசையில் நிற்பார்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு வாயில் சுங்கம். பாதுகாப்புச் சோதனை கேட்பது வெடிக்குமா என்று. சுங்கம் கேட்பது எவ்வளவு என்று. வெளிநாட்டுக் கடை வரியில்லாமல் விற்றது இங்கும் வரியில்லாமல் நுழையும் என்று பொருளல்ல. இந்தியாவுக்குள் வருபவருக்கு மதுவில் 2 லிட்டர்வரைதான் சலுகை. துபாயில் வாங்கும் தங்கம் பாதுகாப்பு வாயிலைத் தடையின்றித் தாண்டும். சுங்கத்தில் அளவு பார்ப்பார்கள். 2016 விதிகள், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு, பெண்ணானால் 40 கிராம், ஆணானால் 20 கிராம் நகைக்கு, மதிப்பு வரம்போடு விலக்கு தந்தன. அதற்கு மேல் அறிவித்து வரி கட்ட வேண்டும். தங்கத்தின் இறக்குமதி வரி 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தபோது, அறிவிக்காமல் கொண்டுவருவதால் கிடைக்கும் லாபமும் குறைந்தது.

இன்னும் தீராதவை

ஐந்து நிலைப்பாடுகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், முதலாவது தேவைக்கு மேல் கடுமையானது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. சீல் பையும் கருவியும் சேர்ந்தால் நியாயமான பாதுகாப்பு கிடைக்கும் என்பதை 2014க்குப் பிந்தைய அனுபவம் ஓரளவு காட்டுகிறது. ஆனால் 2024இல் விதிகள் திரும்பி வந்தவிதம், கருவி பற்றிய உறுதிமொழிகளை அவசரப்பட்டு நம்பக் கூடாது என்றும் காட்டுகிறது. ஒருமுறைச் சோதனை ஒப்பந்தங்கள் தெற்காசியாவுக்கு எப்போது எட்டும் என்பது தெளிவில்லை. திரவத்துக்கு அடுத்து பொடி. 2018 ஜூன் 30 முதல் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கைப்பைப் பொடிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தன. ஆஸ்திரேலியா உணவுப் பொடிகளை விட்டு உப்பு, டால்கம் போன்றவற்றுக்கே அளவு வைத்தது. அமெரிக்காவில் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட எந்தப் பொடியும், அம்மா கொடுத்தனுப்பும் சாம்பார் பொடியானாலும், கூடுதல் சோதனைக்கு உள்ளாகலாம். இதே வாதங்கள் அங்கேயும் முதலிலிருந்து தொடங்கியிருக்கின்றன.

ஐந்தும் சேர்ந்து தொடாமல் விட்டது நட்டத்தின் கணக்கு. விற்ற கடைக்குப் பணம் வந்துவிட்டது. விமான நிறுவனத்துக்குச் சம்பந்தம் இல்லை. சோதனை அதிகாரி விதியைத்தான் நடத்தினார். பாட்டிலை இழந்தவருக்கு மட்டும் எங்கே முறையிடுவது என்று தெரியவில்லை. டியூட்டி ஃப்ரீ கடை போர்டிங் பாஸைப் பார்க்காமல் விற்பதில்லை. ஆகவே அடுத்து எங்கே விமானம் மாறப்போகிறீர்கள் என்று கேட்கும் வாய்ப்பு அதற்கு இருக்கிறது. கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கேட்டு, இந்தப் பொருள் அங்கே செல்லுமா என்று பயணி படிக்கும் மொழியில் ரசீதில் எழுதித் தர வேண்டும். எழுதாமல் விற்றது வழியில் பறிபோனால் கடை பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இந்திய விமான நிலையங்களில் கடை நடத்த உரிமம் தரும்போதே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடலாம். இதற்குப் புதிய இயந்திரமோ பன்னாட்டு ஒப்பந்தமோ தேவையில்லை. அதுவரை ஊர் திரும்புகிறவர்கள் பாட்டிலையும் வாசனைத் திரவியத்தையும் கடைசியாக விமானம் ஏறும் நிலையத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் பெங்களூரில் இறங்கி வாங்குங்கள். வழியில் வாங்கியிருந்தால் வீடு சேரும்வரை பையைப் பிரிக்காதீர்கள்.